இளைப்பதற்காகப் பிடித்த சிகரெட்

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. பிளஸ் ஒன் படிக்கிறாள். சென்ற வாரம் அவளுடைய ஜாமெட்ரி பாக்ஸில் மூன்று சிகரெட்டுகளும் ஒரு லைட்டரும் இருந்ததை என் மனைவி பார்த்துவிட்டார். அடித்தும் அழுதும் கேட்டதில், டியூஷன் தோழி ஒருத்தி பழக்கிவிட்டதாகவும், நான்கு மாதமாக நாளுக்கு ஒன்றிரண்டு பிடிப்பதாகவும், 'பசிக்காது, எடை குறையும்' என்பதற்காகத்தான் தொடங்கியதாகவும் சொல்கிறாள். உயரம் 158 செ.மீ. எடை 64 கிலோவாக இருந்தது, இப்போது 61. சின்ன வயதிலிருந்தே என் அம்மாவும் அக்காவும் அவளைக் 'குண்டம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள், செல்லமாகத்தான். சிகரெட் பிடித்தால் உண்மையிலேயே எடை குறையுமா? பள்ளியில் சொல்லிவிடலாமா, செல்போனை வாங்கி வைத்துக்கொண்டு டியூஷனை நிறுத்திவிடலாமா என்று மனைவி கேட்கிறார். எங்கள் வீட்டுப் பெண்ணா இப்படி என்று மனம் ஆறவில்லை. ஒன்றை மறைக்கக் கூடாது: நானும் நாளுக்கு நாலைந்து பிடிப்பவன்தான், ஆனால் வீட்டுக்கு வெளியே.
— ஒரு தந்தை, திருச்சி மாவட்டம்

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் மகள் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். இந்த வயதில் பிடிபடும் பிள்ளைகளில் பலர் 'என்னுடையது இல்லை, தோழி வைத்துக்கொள்ளச் சொன்னாள்' என்பதோடு வாயை மூடிக்கொள்வார்கள். இவளோ எப்போது தொடங்கினாள், எத்தனை பிடிக்கிறாள், எதற்காகப் பிடிக்கிறாள் என்று மூன்றையும் சொல்லிவிட்டாள். மூன்றாவதாகச் சொன்னதுதான் எனக்கு முக்கியம். அதைச் சொன்னதற்கு அடிதான் கிடைத்தது என்றால் அடுத்த உண்மை வெளியே வராது. அதனால் அடிப்பதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

'எங்கள் வீட்டுப் பெண்ணா' என்ற வேதனை புரிகிறது. ஆனால் 2019-இல் நாடு முழுவதும் 13 முதல் 15 வயதுப் பள்ளி மாணவர்களிடம் நடத்தப்பட்ட கணக்கெடுப்பில், ஏதாவது ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துபவர்கள் 8.5 சதவீதம். மாணவர்களில் 9.6 சதவீதம், மாணவிகளில் 7.4 சதவீதம். நாம் நினைக்கிற இடைவெளி ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே இல்லை. உங்கள் வீட்டுக்கு மட்டும் நேர்ந்த அவமானமாக இதைச் சுமக்காதீர்கள்.

எடை குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். 'அதெல்லாம் சும்மா' என்று அவளிடம் சொல்லிவிடலாம் என்று தோன்றும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லாதீர்கள். நான்கு மாதமாகத் தன் உடம்பிலேயே பார்த்துக்கொண்டிருப்பவளிடம் பாதிப் பொய்யைச் சொன்னால், பிறகு நாம் சொல்லும் முழு உண்மையையும் நம்ப மாட்டாள். சிகரெட் புகையிலையில் இருக்கும் நிகோடின் என்ற பொருள் பசியை மட்டுப்படுத்துவது மெய்தான். மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்றொரு பகுதி இருக்கிறது. 'போதும், வயிறு நிறைந்துவிட்டது' என்ற செய்தியை அனுப்பும் நரம்பணுக்கள் அங்கே உள்ளன. நிகோடின் அவற்றைத் தூண்டிவிடுவதை யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் எலிகளிடம் காட்டினார்கள். சாப்பிடாமலேயே சாப்பிட்ட செய்தி போய்விடுகிறது. அழுகிற குழந்தையின் வாயைப் பொத்துவது போன்ற காரியம் இது. சத்தம் நிற்கும், பசி நிற்காது.

உடல் செலவழிக்கும் கலோரியையும் நிகோடின் சற்றுக் கூட்டும். எவ்வளவு என்று தெரிந்தால் உங்கள் மகளே யோசிப்பாள். ஒரே நாளில் 24 சிகரெட் பிடித்த பெரியவர்களிடம் அளந்து பார்த்தபோது கூடுதலாகச் செலவானது சுமார் 200 கலோரி, அதாவது ஏறத்தாழ மூன்று இட்லி. நாளுக்கு ஒன்றிரண்டு பிடிப்பவளுக்கு அந்தக் கணக்கில் ஒரு விள்ளல் இட்லிகூடத் தேறாது. அப்படியானால் அந்த மூன்று கிலோ எங்கே போனது? அவளுடைய டிபன் பாக்ஸ் காலியாக வருகிறதா, மிச்சத்தோடு வருகிறதா என்று உங்கள் மனைவிக்குத் தெரியும். காலைச் சாப்பாடு எப்போதிலிருந்து 'நேரமில்லை' ஆனது என்றும் அவருக்கு நினைவிருக்கும். பட்டினி குறைத்த எடைக்கு சிகரெட் பெயர் வாங்கிக்கொண்டது. வளரும் வயதில் பட்டினியால் போவது கொழுப்பு மட்டும் இல்லை, தசையும் சேர்ந்தே போகிறது. சாப்பாடு வழக்கத்துக்குத் திரும்பியதும் எடையும் திரும்பிவிடும். சிகரெட் மட்டும் கையில் மிஞ்சும்.

மிஞ்சும் சிகரெட் பிறகு என்ன செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஃபின்லாந்தில் இரட்டையராகப் பிறந்தவர்களைப் பதின்ம வயதிலிருந்து தொடர்ந்து கவனித்தார்கள். 16 முதல் 18 வயதுக்குள் நாளுக்குப் பத்து சிகரெட்டாவது பிடித்தவர்களுக்கு, இருபதுகளின் நடுவில் தொப்பை போடும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. பெண்களிடம் மொத்த எடையே கூடியிருந்தது. புகைப்பவர்களின் கொழுப்பு இடுப்பிலும் வயிற்றிலும் போய்ச் சேர்வதும், இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போவதும் மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த சங்கதிகள். புகைப்பவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, புகைக்காதவர்களைவிட 30 முதல் 40 சதவீதம் அதிகம். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை இருந்தால் இதை அவளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். 'முப்பது வருடம் கழித்துப் புற்றுநோய் வரும்' என்பது 16 வயதுக் காதில் ஏறாது. 'தொப்பை போடும்' என்பது ஏறும்.

எடையைப் பற்றிய கவலைக்கும் முதல் சிகரெட்டுக்கும் உள்ள தொடர்பு உங்கள் மகளோடு தொடங்கியதில்லை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஏழு முதல் பத்தாம் வகுப்பு வரை படித்த பிள்ளைகளை ஓர் ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வு 1994-இல் வெளியானது. எடையைக் குறைக்க முயன்றுகொண்டிருந்த, எப்போதும் எடையையே நினைத்துக்கொண்டிருந்த பெண்கள், அப்படியில்லாதவர்களைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு புகைக்கத் தொடங்கினார்கள். 2001-இல் மாசசூசெட்ஸ் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த இன்னொரு ஆய்வில், வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் 'டயட்' இருந்த பெண்களிடம் அந்த வாய்ப்பு நான்கு மடங்காக இருந்தது. இரண்டு ஆய்வுகளிலும் பையன்களிடம் இந்தத் தொடர்பு தெரியவில்லை. பிறகு 2004-இல் பொருளாதார அறிஞர்கள் இதே கேள்வியை வேறு பக்கத்திலிருந்து பார்த்தார்கள். சிகரெட் விலை ஏறினால் பையன்கள் தொடங்குவது குறைந்தது, பெண்களிடம் விலை ஏற்றம் எடுபடவில்லை. பெண்ணின் உண்மையான எடை, 'நான் குண்டு' என்ற அவளுடைய எண்ணம், இளைக்க வேண்டும் என்ற முயற்சி ஆகிய மூன்றுமே முதல் சிகரெட்டை முன்கூட்டிக் காட்டின. இவை அமெரிக்கப் பிள்ளைகளைப் பற்றியவைதான். ஆனாலும் உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு இவைதான் நினைவுக்கு வந்தன.

சிகரெட் கம்பெனிகள் இதை மருத்துவர்களுக்கு வெகு முன்பே கண்டுகொண்டன. 1920-களின் கடைசியில் லக்கி ஸ்ட்ரைக் என்ற அமெரிக்க சிகரெட்டின் விளம்பரம், இனிப்பு சாப்பிடுவதற்குப் பதிலாக ஒரு லக்கியை எடுங்கள் என்று பெண்களைப் பார்த்துச் சொன்னது. மிட்டாய் வியாபாரிகள் கொதித்தெழும் அளவுக்கு அது பலித்தது. 1968-இல் ஃபிலிப் மோரிஸ் கம்பெனி பெண்களுக்கென்றே வர்ஜீனியா ஸ்லிம்ஸ் என்ற மெல்லிய சிகரெட்டைக் கொண்டுவந்தது. பெண்களைக் குறிவைத்த இத்தகைய பிராண்டுகள் கடைக்கு வந்த அதே ஆண்டுகளில், 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்கள் புகைக்கத் தொடங்குவது அங்கே விறுவிறுவென்று ஏறியது. நம் நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் சிகரெட் விளம்பரத்தைத் தடை செய்துவிட்டது. ஆனால் சிகரெட் இளைக்க வைக்கும் என்ற எண்ணத்தை எந்தச் சட்டத்தாலும் தடை செய்ய முடியவில்லை. அது தோழி வாய்க்குத் தோழி வாயாகப் போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் மகளின் தோழியும் யாரோ சொல்லிக் கேட்டவள்தான். அவளை வில்லியாக்க வேண்டாம்.

இனி, உங்கள் கடிதத்தில் 'செல்லமாகத்தான்' என்று எழுதியிருக்கும் வரி.

நான் நோயாளிகளைப் பார்க்கும் அறையில் எடை பார்க்கும் கருவியைத் திரைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். ஏறும்முன் எல்லாரும் செருப்பைக் கழற்றுவார்கள். சில பெண் பிள்ளைகள் கைக்கடிகாரத்தைக் கழற்றுவார்கள், துப்பட்டாவை மடித்து நாற்காலியில் வைப்பார்கள், தலையில் குத்தியிருக்கும் கிளிப்பையும் எடுத்துவிடுவார்கள். ஏறி நின்றதும் கண்ணை மூடிக்கொள்வார்கள். கிளிப்புக்கு எத்தனை கிராம் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் எடுத்து வைக்கிறார்கள். அப்படிப்பட்ட பிள்ளையிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, வீட்டில் உன்னை எப்படிக் கூப்பிடுவார்கள் என்பதுதான். பல நேரம் பதில் வருவதற்கு முன் கண்ணீர் வந்துவிடும்.

உங்கள் அம்மாவின் அன்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்தச் செல்லப் பெயரை ஐந்து வயதில் கேட்பதும் பதினாறு வயதில் கேட்பதும் ஒன்றில்லை. பெண் பிள்ளைகளுக்குப் பருவமடைந்த பின் இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பு சேர்வது இயற்கை. உடம்பு தன் வேலையைச் சரியாகச் செய்கிற அந்த நேரத்தில் வீடே சேர்ந்து குறை சொல்கிறது. மினசோட்டாவிலேயே நடந்த நீண்டகால ஆய்வொன்றில், பதின்ம வயதில் வீட்டாரால் எடையைச் சொல்லிக் கேலி செய்யப்பட்ட பெண்கள் பதினைந்து ஆண்டுகள் கழித்து அதிகப் பருமனோடு இருந்தார்கள், கேலிக்கு ஆளாகாதவர்களோடு ஒப்பிட்டால். கேலி யாரையும் இளைக்க வைப்பதில்லை. ஒளிந்து சாப்பிட வைக்கும், பட்டினி கிடக்க வைக்கும், உங்கள் வீட்டில் நடந்தது போல வேறு வழியும் தேட வைக்கும்.

இந்த நான்கு மாதத்தில் யாராவது அவளிடம் 'இளைத்துவிட்டாயே, இப்போதுதான் பார்க்க லட்சணமாக இருக்கிறாய்' என்று சொன்னார்களா என்று யோசித்துப் பாருங்கள். சொல்லியிருப்பார்கள். அவர்கள் தெரியாமல் மெச்சியது சிகரெட்டையும் பட்டினியையும்தான். உங்கள் அம்மாவிடமும் அக்காவிடமும் சிகரெட் விவகாரத்தைச் சொல்ல வேண்டாம். அது உங்கள் மூவருக்குள் இருக்கட்டும். 'இனி அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அவள் உடம்பைப் பற்றி நல்லதாகவும் வேண்டாம், கெட்டதாகவும் வேண்டாம், ஒன்றும் பேசாதீர்கள்' என்று நீங்கள் சொல்லுங்கள். மருமகள் சொன்னால் அது வேறு சண்டையாகிவிடும். மகன் சொன்னால் எடுபடும். மகளின் காது கேட்கவே சொல்லுங்கள். அவளுக்கு நீங்கள் தரும் முதல் மருந்து அதுவாக இருக்கட்டும்.

அவள் எடையைப் பற்றி மருத்துவராக நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். 158 செ.மீ. உயரத்துக்கு 61 கிலோ என்றால் உடல் நிறைக் குறியீட்டெண் (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பி.எம்.ஐ.) 24.4. இந்தியப் பிள்ளைகளுக்கான வளர்ச்சி அட்டவணையில் இது 'அதிக எடை' என்ற கோட்டுக்கு மேலேயும் 'உடல் பருமன்' என்ற கோட்டுக்குக் கீழேயும் வரும். கவனிக்க வேண்டியதுதான், கலங்க வேண்டியதில்லை. மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறதா, முகத்தில் ரோமம் அதிகமாக வளர்கிறதா, பின்கழுத்தில் தேய்த்தாலும் போகாத கருமை இருக்கிறதா என்று உங்கள் மனைவி கேட்டும் பார்த்தும் சொல்லட்டும். இருந்தால் பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி), தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பரிசோதிக்க வேண்டும். இந்தப் பிரச்சினைகளால் எடை கூடியிருக்கும் பெண்ணிடம் 'வாயைக் கட்டு' என்பது அநியாயம். உணவில் இப்போதைக்கு ஒரே ஒரு மாற்றம் கேட்கிறேன்: காலைச் சாப்பாட்டை விடக் கூடாது. இட்லியோ பொங்கலோ வீட்டில் என்ன செய்கிறீர்களோ அது. மாலை டியூஷனுக்குப் போகும்முன் ஒரு கிண்ணம் சுண்டல். சிகரெட் பிடிக்கும் நேரமும் பசிக்கும் நேரமும் அநேகமாக ஒன்றாகத்தான் இருக்கும், கேட்டுப் பாருங்கள். எடை பார்க்கும் கருவி வீட்டில் இருந்தால் அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிடுங்கள்.

சிகரெட்டை விடும் நாட்களில் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே அவளிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பயந்துபோய்த் திரும்பவும் எடுத்துவிடுவாள். நாளுக்கு ஒன்றிரண்டுதானே என்று நினைக்க வேண்டாம். வளரும் மூளை நிகோடினுக்குச் சீக்கிரம் பழகிவிடும். தினமும் பிடிக்கும் நிலைக்கு வரும் முன்பே ஏக்கம் தொடங்கிவிடுகிற பிள்ளைகள் உண்டு. விட்ட முதல் வாரம் எரிச்சல் வரும், படிப்பில் மனம் நிற்காது, பசி அதிகமாகத் தெரியும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் படிப்படியாக அடங்கும். சிகரெட் வேண்டும் என்ற தவிப்பு ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்த நிமிடங்களில் தண்ணீர் குடிக்கலாம், மொட்டை மாடியில் நடக்கலாம், உங்களோடு வந்து உட்காரலாம்.

'விட்டால் எடை ஏறிவிடும்' என்று அவள் நிச்சயம் கேட்பாள். பல ஆண்டுகள் புகைத்துவிட்டு நிறுத்தும் பெரியவர்களுக்கு முதல் ஆண்டில் சராசரியாக நாலைந்து கிலோ கூடுவது உண்மை. அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில் ஏறுகிறது. ஆனால் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு எடை குறையவும் செய்கிறது. நான்கு மாதமாக ஒன்றிரண்டு பிடித்தவளுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஏறினால் அது பட்டினியில் போனது திரும்பி வருவதுதான், அதை முன்பே சொல்லி வையுங்கள். சிகரெட்டை விடும் மாதத்தில் எடை குறைக்கும் முயற்சி எதையும் தொடங்கக் கூடாது என்பதில் நான் கண்டிப்பானவன். இரண்டையும் ஒன்றாகத் தலையில் ஏற்றினால் இரண்டும் போகும். நிகோடின் சூயிங்கம்மை நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள், அது பெரியவர்களுக்கானது. மின்சிகரெட்டை மாற்றாக யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2019 முதல் இந்தியாவில் அதன் விற்பனையே குற்றம், அதிலும் இருப்பது நிகோடின்தான்.

பள்ளியில் சொல்ல வேண்டாம். பள்ளிக்குள் பிடித்துப் பிடிபடவில்லை, இந்தக் கட்டத்தில் பள்ளி செய்யக்கூடிய உதவியைவிட அவள் பெயர் கெடுவதற்கான வாய்ப்புதான் அதிகம். போனைப் பறிப்பதும் டியூஷனை நிறுத்துவதும் தண்டனையாகத்தான் அவளுக்குப் படும். படிப்பு கெடும், சிகரெட் வேறு எங்காவது கிடைக்கும். ஆனால் போனில் எடை குறைக்கச் சொல்லும் வீடியோக்களும் உடம்பை அளவெடுத்துக் காட்டும் வீடியோக்களும் ஓடிக்கொண்டிருந்தால், அவளையே உட்கார்த்திச் சேர்ந்து அவற்றை நீக்கலாம். தோழியின் பெற்றோரிடம் பேசலாமா என்பதை மகளைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கடைக்காரரை மட்டும் விட்டுவிடாதீர்கள். 18 வயது ஆகாதவருக்கு சிகரெட் விற்பது குற்றம். பள்ளி கல்லூரியைச் சுற்றி 100 கஜத்துக்குள் யாருக்கு விற்றாலும் குற்றம். சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு, பிள்ளைகளுக்குப் புகையிலைப் பொருளைக் கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை சிறை என்கிறது. டியூஷன் சென்டர் பக்கத்தில் எந்தக் கடை ஒற்றை ஒற்றையாக விற்கிறது என்று கண்டுபிடிப்பது உங்களுக்குக் கடினமாக இருக்காது. மகள் பெயர் வராமலே புகார் கொடுக்கலாம்.

சாப்பிட்டதும் குளியலறைக்குப் போய் வாந்தி எடுக்கிறாள், மாதவிடாய் நின்றுவிட்டது, எடை வாரா வாரம் இறங்குகிறது, மயங்கி விழுகிறாள், கையைக் கீறிக்கொள்கிறாள், உயிரோடு இருந்து என்ன பயன் என்று பேசுகிறாள் என்றால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். குழந்தை நல மருத்துவரிடமோ அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ அழைத்துச் செல்லுங்கள். நள்ளிரவில் யாரிடமாவது பேச வேண்டியிருந்தால் 14416 என்ற அரசு மனநல உதவி எண் உண்டு.

கடைசியாக எழுதியிருக்கும் உங்கள் நாலைந்து சிகரெட்டுகளுக்கு வருகிறேன். வீட்டுக்கு வெளியே பிடித்தாலும் உங்கள் சட்டையில் வரும் வாசனை அவளுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். பெற்றோரில் ஒருவர் புகைக்கும் வீட்டில் பிள்ளைகள் தொடங்கும் வாய்ப்பு அதிகம் என்பது திரும்பத் திரும்ப நிறுவப்பட்டது. 'நான் ஆண், பெரியவன்' என்ற வாதத்தை அவளிடம் வைக்காதீர்கள், பேச்சே முறிந்துவிடும். அதற்குப் பதிலாக, 'நானும் விடப்போகிறேன், இந்தத் தேதியிலிருந்து' என்று சொல்லுங்கள். தேதியை அவளே குறிக்கட்டும், பரீட்சை வாரமாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 1800-11-2356 என்ற கட்டணமில்லா தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்ணில் தமிழிலும் பேசுவார்கள். முதலில் நீங்கள் உங்களுக்காகக் கூப்பிடுங்கள், அவள் பக்கத்தில் இருக்கும்போது. எத்தனை பிடிக்கிறீர்கள், எப்போது பிடிக்கிறீர்கள், முன்பு விட முயன்றதுண்டா என்று கேட்பார்கள். ஒளிக்காமல் பதில் சொல்லுங்கள், அவள் கேட்டுக்கொண்டிருக்கட்டும். அடுத்து போனை வாங்கிப் பேசுவதா, வேறொரு நாள் தானே கூப்பிடுவதா என்பதை அவள் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். பேசிய பிறகு நான்கு வாரம் கழித்து எனக்கு மறுபடி எழுதுங்கள்.